நீரும் மசகாமாறு

மசகு என்னும் சொல்லைக் கேட்டமாத்திரத்தே எம்மவர்க்கு முதலில் நினைவுக்கு வருவது மாட்டுவண்டிலின் அச்சாகும். ஆமணக்கெண்ணெயில் வைக்கோற்கரியைக் குழைத்து, வண்டிலின் கீழே குழாயொன்றில் தூக்கிச் செல்வது முன்னாள் வழக்கம். சில்லுக் கிறீச்சிடத் தொடங்கியதும் அதனை எடுத்து அச்சிலே தடவுவர், ஓசை அடங்கும், மாட்டின் வருத்தமும் குறையும். இவ்வனுபவத்தால், எண்ணெய்ப் பசை உள்ளதே மசகு என்றும், நீர் மசகுக்குப் பகையென்றும் நாம் எண்ணிப் பழகிவிட்டோம். மழையில் நனைந்த வண்டிலுக்கு மறுநாட் காலை மசகிடாது புறப்படுவார் யார்?

ஆயினும், இரும்பையும் உருக்கையும் வெட்டிக் கடைந்து துளையிடும் இன்றைய பட்டறைகளிற் சென்று பார்ப்போர், வெட்டலகின் மேல் ஓயாது பாய்ந்துகொண்டிருக்கும் பால்போன்ற வெண்ணிறத் திரவமொன்றைக் காண்பர். தொழிலாளர் அதனைக் 'கூலன்ட்' என்றே வழங்குவர். அத்திரவத்தின் நூறு பங்கில் தொண்ணூற்றைந்து பங்கு வரையில் வெறும் நீரே. எஞ்சிய சிறு பங்கிலே கலந்துள்ள சில பொருள்களின் ஆற்றலால், மசகுக்குப் பகையென்று நாம் கருதிய நீர் மசகாகிவிடுகின்றது. அப்பொருள்கள் யாவை, அவை தொழில் செய்யுமாறு எங்ஙனம், அவற்றைக் கையாளும் மனிதர்க்கு அவற்றால் வரும் நன்மை தீமைகள் எவை என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இலக்கணமும் இலக்கியமும் கற்பிப்போர்க்கு இயந்திர எண்ணெயில் என்ன அலுவல் என்று வினவுவாரும் உளர். வினவுதல் நியாயமே. யாம் கற்பித்த மாணவரிற் சிலர் இன்று கடல் கடந்த நாடுகளிலே கடைசற்பொறிகளின் முன்னே நின்று பொழுதுதோறும் இத்திரவத்திற் கை நனைத்து உழைக்கின்றனர். அவர்கள் எழுதிய கடிதங்கள் சில எம்மை இத்துறையிற் படிக்கத் தூண்டின. படித்ததைத் தமிழிற் சொல்லிவைத்தல் எம் தொழிலுக்குப் புறம்பன்று என்பது எம் துணிவு.

முதற்கண், எண்ணெய் எவ்வாறு மசகாகின்றது என்பதை அறிதல் வேண்டும். இரு உலோகப் பரப்புகள் கண்ணுக்கு எத்துணை மழமழப்பாகத் தோன்றினும், நுணுகி நோக்குமிடத்து மலையும் மடுவுமாகவே உள்ளன. அவை ஒன்றன்மேலொன்று வழுக்கும்போது மேடுகள் மோதி ஒட்டிக் கிழிகின்றன. அதனாற் சூடும் தேய்வும் உண்டாகின்றன. இடையிலே எண்ணெய் இருப்பின், சுழலும் அச்சு அதனைத் தன்னோடு இழுத்துச் சென்று ஒடுங்கிய இடைவெளியுட் புகுத்துகின்றது. அங்கே எண்ணெயில் எழும் அமுக்கம் அச்சைத் தூக்கிப் பிடிக்கின்றது. இதனைப் பரிசோதனையிற் கண்டவர் இங்கிலாந்தைச் சேர்ந்த போசம் ரவர், ஆண்டு 1883. கணித முறையால் விளக்கியவர் ஒசுபோன் றெயினோல்ட்சு, ஆண்டு 1886. இவ்வாறு தூக்கிப் பிடிப்பதற்கு வேண்டிய குணம் பிசுக்குமை. இயந்திர எண்ணெயின் பிசுக்குமை அறை வெப்பநிலையில் நீரினதைவிடப் பல பத்து மடங்கு, சிலவற்றில் நூறு மடங்குக்கும் மேலாகும். அன்றியும், பற்சில்லுகளிலும் உருளைகளிலும் காணப்படும் பேரமுக்கத்தில் எண்ணெயின் பிசுக்குமை பன்மடங்கு பெருகி, அஃது ஏறக்குறையத் திண்மம்போல நின்று தாங்குகின்றது. நீருக்கோ அத்தகைய பெருக்கம் இல்லை. எத்துணை நெருக்கினும் அது மெல்லிய நீராகவே இருந்து பிதுங்கி ஓடிவிடும். நீரின் குறைகளுள் தலையாயது இதுவே. இரும்பைத் துருப்பிடிக்கச் செய்தல், குளிரில் உறைதல், வெயிலில் வற்றுதல் ஆகியன இதற்கு அடுத்த படியில் நிற்பன.

குறை இவ்வளவு இருக்க, நீரை நாடியது ஏன்? வெப்பத்தை வாங்கிச் செல்வதில் நீருக்கு நிகரான மலிந்த பொருள் பிறிதில்லை. ஒரு பாகை சூடேறுவதற்குள் ஒரு கிராம் நீர் ஏற்கும் வெப்பம், அதே நிறையுள்ள எண்ணெய் ஏற்பதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. வெப்பத்தைக் கடத்துவதிலோ நீர் எண்ணெயினும் நான்கு மடங்கு வல்லது. அஃது எரியாது; விலையும் குறைவு. உலோகம் வெட்டுமிடத்திற் சூடே முதற்பகை. வெட்டலகு சூடேறினால் அதன் கூர் மழுங்கும்.

இதனை அளந்து காட்டியவர் அமெரிக்கராகிய பிரெடெரிக்கு ரெயிலர். பிலதெல்பியாவிலிருந்த மிட்வேல் உருக்காலையில் 1883ஆம் ஆண்டு அவர் செய்த பரிசோதனைகளில், சீவல் கழன்று வரும் இடத்திலேயே நீரைத் தாரையாகப் பொழிவித்தால், வெட்டும் வேகத்தை நூற்றுக்கு 30 முதல் 40 வரை கூட்டலாம் என்பது புலனாயிற்று. மறு ஆண்டு அங்கே எழுந்த புதிய பட்டறையில், ஒவ்வோர் இயந்திரத்துக்கும் குழாய்வழி நீர் வரவும், பாய்ந்த நீர் தட்டத்திற் சேர்ந்து மீளவும் வழி செய்யப்பட்டது. துருவைத் தடுப்பதற்கு நீரிலே சோடியங் காபனேற்றைக் கரைத்தனர். இன்றைய கூலன்டின் முதல் வடிவம் இச்சோடா நீரே என்க. எனினும் அது குளிர்வித்தது, வழுக்கவில்லை. வழுக்கும் குணத்தை நீருக்கு ஊட்டுதற்கு வேறொரு பொருள் வேண்டியிருந்தது.

அப்பொருளை அறிதற்கு அடுக்களையிலே ஒரு பரிசோதனை செய்து பார்க்கலாம். கிண்ணமொன்றில் தெளிந்த நீரெடுத்து, உலர்ந்த தையலூசி ஒன்றை அதன்மேல் மெல்லக் கிடத்துக. நீரினும் ஏழெட்டு மடங்கு அடர்த்தியுள்ள உருக்கூசி மிதந்து நிற்கும். நீரின் மேற்பரப்பு, இழுத்துக் கட்டிய தோல்போல நின்று அதனைத் தாங்குகின்றது. இதனையே மேற்பரப்பிழுவிசை என்பர். இப்பொழுது கிண்ணத்தின் ஓரத்திலே சவர்க்கார நீர் ஒரு துளி விடுக. ஊசி அக்கணமே அமிழ்ந்துவிடும். சவர்க்காரம் அத்தோலை நெகிழ்த்துவிட்டது. 20 பாகை செல்சியசில் தூய நீரின் மேற்பரப்பிழுவிசை மீற்றருக்கு 72 மில்லிநியூற்றன் அளவினது. சவர்க்காரங் கலந்தபின் அஃது 30க்கு அண்மையில் இறங்கிவிடும்.

இது நிகழ்வதற்குக் காரணம் சவர்க்கார மூலக்கூற்றின் இருதலைத் தன்மையாகும். அதன் ஒரு முனை நீரை விரும்புவது, மற்றைய நீண்ட வால் காபன், ஐதரசன் அணுக்களாலான சங்கிலி, அஃது எண்ணெயின் இனத்தது, நீரை வெறுப்பது. நீருள் விடப்பட்ட இம்மூலக்கூறு தலையை நீருள் வைத்து வாலை வெளியே நீட்டிக்கொண்டு பரப்பிலே குடியேறுகின்றது. பரப்பு நிறைந்தபின் எஞ்சியவை நீருக்குள்ளே ஒன்றுகூடி, வால்களை உள்ளே மறைத்துத் தலைகளை வெளியே காட்டி, உருண்டைகளாய்த் திரள்கின்றன. இத்திரள்களுக்கு மிசெல் என்பது பெயர். யேம்சு மக்பெயின் என்பவர் 1913இல் இக்கருத்தை வெளியிட்டார். இத்தகைய பொருள்கள் யாவற்றுக்கும் ஆங்கிலத்தார் மூன்று சொற்களை ஒட்டிச் 'சேர்பக்ரன்ற்' என்னும் ஒரு சொல்லை ஆக்கிக்கொண்டனர். 'பரப்புத் தொழிற்படு பொருள்' என்று தமிழில் வழங்குவது பொருத்தமே எனினும், பத்து முறை சொன்னால் நாக்கு இளைத்துவிடும். பரப்பிலே நின்று தொழில் செய்வதாலும், தான் கலந்த நீரை உலோகத்தின்மேற் பரப்புவதாலும், 'பரப்பி' என இக்கட்டுரையிற் சுருக்கிச் சொல்கின்றோம். இதனினும் நல்ல சொல் கண்டார் அறிவிப்பாராக.

பரப்பிகளைப் பற்றிய ஆராய்ச்சி அடுக்களையிலேயே பிறந்தது என்பது வியப்புக்குரிய செய்தி. யேர்மனியின் பிறவுன்சுவைக்கு நகரில் வாழ்ந்த அக்னெசு பொக்கெல்சு என்னும் பெண்மணி, பெண்ணென்ற காரணத்தாற் பல்கலைக்கழகம் புகமுடியாது வீட்டில் இருந்தவர். பாத்திரங் கழுவும் நீரின் பரப்பில் எண்ணெயும் அழுக்கும் செய்யும் மாற்றங்களை நோக்கி, தகரத் தொட்டி ஒன்றை அமைத்து அவற்றை அளந்தார். பத்தாண்டு அளவு அவர் தனியே செய்த இவ்வேலையை 1891இல் இங்கிலாந்தின் றேலி பிரபுவுக்குக் கடிதமாக எழுத, அப்பெருந்தகை அதனை 'நேச்சர்' என்னும் விஞ்ஞான இதழில் வெளிவரச் செய்தார். அவர் வகுத்த தொட்டிமுறையைச் செம்மைசெய்தே, இலாங்மூர் என்னும் அமெரிக்க விஞ்ஞானி 1917இல், பரப்பிலுள்ள மூலக்கூறுகள் ஒரே அடுக்காய், தலை கீழும் வால் மேலுமாய் நிற்கும் என்று நிறுவினார். 1932இல் நோபற் பரிசு இலாங்மூருக்குக் கிடைத்தது. பொக்கெல்சு அம்மையார் பாத்திரத் தொட்டியோடு நின்றார் என்று எவரும் எண்ணற்க. 1932இலே பிறவுன்சுவைக்குத் தொழில்நுட்பக் கல்லூரி அவருக்குக் கௌரவக் கலாநிதிப் பட்டம் வழங்கிற்று. பிந்திய வரிசையானாலும் பந்திக்கு வந்தது.

நீரின் பரப்பில் நிகழ்வது உலோகத்தின் பரப்பிலும் நிகழும். பரப்பியின் தலை உலோகத்தைப் பற்றிக்கொள்ள, வால்கள் நெற்பயிர்போல நெருங்கி நிமிர்ந்து நிற்கும். இவ்வடுக்கின் கனம் ஒரு மில்லிமீற்றரில் நாலு இலட்சத்தில் ஒரு பங்கு அளவினதே. எனினும், இரு உலோகங்களும் நேரே தொடாதபடி தடுப்பதற்கு அது போதும். இங்கே பாரந் தாங்குவது திரவத்தின் பிசுக்குமையன்று. பரப்பிலே வேரூன்றி நிற்கும் மூலக்கூற்றுப் படையே. இதனை எல்லை மசகிடல் எனப் பெயரிட்டு 1922இல் ஆராய்ந்தவர் வில்லியம் ஹாடி. கொழுப்பமிலச் சங்கிலி நீள நீள உராய்வு குறைகின்றது என்பதையும் அவர் கண்டார். நீரை மசகாக்கும் வித்தையின் மூலமந்திரம் இதுவேயாம். நீர் மெல்லியதாயினும் கவலையில்லை. பரப்பிகளைச் சுமந்து சென்று உலோகத்திற் சேர்ப்பதும், சூட்டை வாங்கித் திரும்புவதுமே அதன் தொழில். வழுக்குதலைப் பரப்பிகள் பார்த்துக்கொள்ளும்.

இனி, பால்போன்ற நிறம் எங்கிருந்து வந்தது? நம் வீடுகளிற் பிழியும் தேங்காய்ப்பாலை நோக்குக. அதுவும் எண்ணெய்த் துளிகள் நீரிலே மிதக்கும் குழம்பே. தேங்காயிலுள்ள புரதங்கள் துளிகளைப் போர்த்து நின்று அவை ஒன்றுகூடாது காக்கின்றன. நேரஞ் செல்ல மேலே ஆடை கட்டுவதும், கொதிக்கவிட்டாற் பால் திரைந்து எண்ணெய் பிரிவதும் அப்போர்வை குலைவதனாலாகும். பட்டறைக் குழம்பிலும் இதே முறைதான். கனிய எண்ணெயோடு பரப்பிகளைச் சேர்த்து ஆக்கிய செறிவை வாங்கி, நூற்றுக்கு மூன்று முதற் பத்துப் பங்கு அளவில் நீரிற் கலக்க, நுண்ணிய துளிகள் பிரிந்து பால் நிறங் கொள்ளும். இங்கே ஒரு வரிசை உண்டு. நீரை முதலில் எடுத்து, அதனுட் செறிவை ஊற்றிக் கலக்குதல் வேண்டும். மாறாகச் செறிவின் மேல் நீரை ஊற்றினால், எண்ணெயுள் நீர்த்துளிகள் அகப்பட்ட தலைகீழான குழம்பு பிறந்து, பாகுபோல் இறுகிவிடும். அதனைத் திருத்துதல் பெரும்பாலும் முடியாத காரியம்.

எண்ணெயுள் நீரோ, நீருள் எண்ணெயோ என்பதை முடிவுசெய்வது பரப்பியின் தலைக்கும் வாலுக்கும் உள்ள வலிமை வேறுபாடு. தலை வலிதாயின் நீர் வெளியே நிற்கும். வால் வலிதாயின் எண்ணெய் வெளியே நிற்கும். இவ்வேறுபாட்டை எண்ணாற் குறிக்க 1949இல் கிறிபின் என்னும் அமெரிக்கர் ஓர் அளவுகோல் வகுத்தார். அதில் மூன்று முதல் ஆறு வரையிலுள்ளவை எண்ணெயுள் நீரைத் தாங்குவன. எட்டுக்கு மேற்பட்டவை நீருள் எண்ணெயைத் தாங்குவன.

குழம்பு எத்துணை உறுதியோ அத்துணை நன்று என்று மேலோட்டமாக நோக்குவோர் நினைப்பர். அப்படியன்று. துளிகள் எக்காலமும் பிரியாது நீரோடேயே ஓடுமாயின், உலோகத்துக்கு எண்ணெய் கிடையாது. வெறும் வெண்ணீர் பாய்ந்து போம். உருக்குத் தகடுகளை உருளைகளினிடையே நசுக்கி மெலிவிக்கும் ஆலைகளில் இவ்வுண்மை நன்கு விளங்கும். அங்கே பொழியும் குழம்பு, தொட்டியிலும் குழாயிலும் பிரியாதிருத்தல் வேண்டும். உருளையின் வாய்க்குட் புகுந்த அக்கணத்திற் பிரிந்து எண்ணெயைத் தகட்டின்மேற் படியவிட வேண்டும். வெளியே வந்ததும் மிகுதி மீண்டும் நீரோடு கலந்து தொட்டிக்குத் திரும்ப வேண்டும். பரப்பி மிகுந்தாற் குழம்பு உறுதியாகி மசகு குறையும். பரப்பி குறைந்தால் தொட்டியிலேயே எண்ணெய் பிரிந்து மிதக்கும். இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள ஒடுங்கிய வழியைக் காண்பதுதான் இத்துறை வல்லுநரின் திறமை. இன்ன பொருள் நல்லது என்று தனியே ஒன்றைப் புகழும் விளம்பரங்களை நம்பலாகாது என்பதும் இதனாற் பெறப்படும்.

நீரும் எல்லா ஊரிலும் ஒரே நீரன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கற் படையிலே தோண்டிய கிணறுகளில் முகந்த நீர் வன்னீர் என்பதையும், அதிற் சவர்க்காரம் எளிதில் நுரையாது வெள்ளைத் திரையாய்ப் படிவதையும் நம்மிற் பலர் அறிவோம். நீரிற் கரைந்துள்ள கல்சியமும் மகனீசியமும் சவர்க்காரத்தின் தலையைப் பற்றி அதனைக் கரையாத பசையாக்கிவிடுகின்றன. பட்டறைத் தொட்டியிலும் அவ்வாறே நிகழும். பரப்பி பசையாய்ப் படிந்து கழியக் கழியக் குழம்பு உடையும், வடிகள் அடைபடும். அதனாலேயே வன்னீரை எளிதிற் பொருட்படுத்தாத பெற்றோலியச் சல்பொனேற்று முதலியவற்றையும், தலையில் மின்னேற்றமே இல்லாத பரப்பிகளையும் சவர்க்காரத்தோடு சேர்ப்பர். மழைநீர் போன்ற மென்னீரை எடுத்தாலோ வேறு தொல்லை. அதிற் பரப்பி தடையின்றி நுரைக்கும். அமுக்கம் மிகுந்த பம்பிகள் நுரையை உறிஞ்சினால், வெட்டுமிடத்துக்கு நீருக்குப் பதில் காற்றே போய்ச் சேரும். ஆகவே, மிக வன்மையும் மிக மென்மையும் இன்றி நடுத்தரமான நீரையே விரும்புவர்.

நுரையைப் பற்றிச் சொல்லுமிடத்துத் தேங்காயெண்ணெய்க்கு ஓர் இடம் உண்டு. அதன் கொழுப்பமிலங்களிற் பாதியளவு பன்னிரண்டு காபனணுக்களுடைய இலோரிக்கமிலம். அதிலிருந்து ஆக்கிய சவர்க்காரம் கடல்நீரிலும் நுரைக்கும். உலகிற் குளியலுக்கும் துவைத்தலுக்கும் வழங்கும் பரப்பிகள் பல தேங்காயெண்ணெயையும் செம்பனைவிதை எண்ணெயையும் மூலமாகக் கொண்டன. ஆனால் பட்டறைக்கு இக்குறுவால் பரப்பிகள் அத்துணை உகந்தனவல்ல. நுரை கூடுதல், உலோகத்தின்மேல் எழுப்பும் அடுக்கும் மெலிது. பதினெட்டுக் காபனணுக்களுடைய ஒலேயிக்கமிலமும், ஆமணக்கிலிருந்து பெறும் இரிசினோலேயிக்கமிலமுமே அங்கே மதிப்புடையன. வண்டில் அச்சுக்கு ஆமணக்கைத் தெரிந்தெடுத்த நம் முன்னோரின் தெரிவு பழுதன்று.

எண்ணெயே சேராத கூலன்டுகளும் இக்காலத்து உண்டு. அவை பாலாகத் தோன்றா, கண்ணாடிபோற் தெளிந்திருக்கும். இவற்றுட் பலவற்றின் உயிர்நாடி பொலியல்கைலீன் கிளைக்கோல் என்னும் நெடுஞ்சங்கிலிச் சேர்வை. பெரும்பாலான பொருள்கள் சூட்டிற் கூடுதலாகக் கரையும். சீனியும் உப்பும் அத்தகையன. இச்சேர்வையோ குளிர்ந்த நீரிற் கரைந்து, சூடேறியவுடன் கரையாது பிரிந்துவிடும். அதன் தலையைப் பற்றி நிற்கும் நீர் மூலக்கூறுகள் சூட்டிற் கழன்றுபோவதே காரணம். எனவே, திரவம் சூடான வெட்டலகைத் தொட்ட இடத்தில் மட்டும் சேர்வை பிரிந்து மசகுப் படலமாய்ப் படிகின்றது. அவ்விடத்தைக் கடந்து குளிர்ந்ததும் மறுபடி கரைந்து ஓடுகின்றது. வேண்டுமிடத்தில் வேண்டும்போது மட்டும் வந்து உதவும் இவ்வமைப்பு எம்மை மிகக் கவர்ந்தது.

இதுகாறும் உலோகம் வெட்டுதலையே சொன்னோம். நீர்மசகின் தேவையை உலகுக்கு உரக்கச் சொன்னது ஒரு சுரங்கத் தீ. பெல்சிய நாட்டின் மார்சினெல் என்னுமிடத்து நிலக்கரிச் சுரங்கத்தில் 1956ஆம் ஆண்டு ஆகத்து மாதம் 8ஆம் நாட் காலை, 975 மீற்றர் ஆழத்திலே, தூக்குக் கூட்டில் ஏற்றிய கரிவண்டி முற்றாக உள்ளே செல்லாது வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. கூடு மேலெழுந்தபோது அவ்வண்டி உத்திரத்தில் மோத, எண்ணெய் அமுக்கக் குழாயும், மின்கம்பிகளும், நெருக்கிய காற்றுக் குழாயும் ஒருசேர அறுந்தன. எண்ணெய் சீறிப் பாய, மின்பொறி பற்ற, காற்று ஊத, தீ மூண்டது. 262 பேர் மாண்டனர். அவருள் 136 பேர் பிழைப்புத் தேடி இத்தாலியிலிருந்து வந்தவர். அறுந்த குழாயில் ஓடியது எரியாத திரவமாயிருப்பின் அத்தீக்கு உணவு குறைந்திருக்கும். மறு ஆண்டு ஐரோப்பிய நிலக்கரி உருக்குச் சமூகம் சுரங்கக் காவற்குழு ஒன்றை அமைத்தது. அமுக்கத் திரவங்கள் தீப்பற்றாதிருத்தற்குரிய விதிகளும் சோதனைகளும் அக்குழுவின் முயற்சியால் உருவாயின. சுரங்கக் கூரையைத் தாங்கும் அமுக்கத் தூண்களில் இன்று ஓடுவது பெரும்பாலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தும் அதற்கு மேலும் நீருள்ள குழம்போ கரைசலோ ஆகும். அப்பம்பிகளும் வால்வுகளும் தேயாது நிற்பது அந்தச் சிறு பங்குப் பரப்பிகளாலேயே.

இனி எம் மாணவரின் கடிதத்துக்கு வருகின்றோம். இரண்டு செய்திகளை அவர் கேட்டிருந்தார். திங்கட்கிழமை காலையிற் பட்டறையைத் திறந்தவுடன் கூழ்முட்டை நாற்றம் எழுவதேன் என்பது ஒன்று. தம் கைகளின் தோல் வெடித்துச் சிவந்து ஆறாதிருப்பதேன் என்பது மற்றையது.

முதலாவதற்கு விடை கிருமிகள். எண்ணெயும் பரப்பியும் அவற்றுக்கு உணவு. வெதுவெதுப்பான நீர் உறைவிடம். இயந்திரம் ஓடும் நாட்களில் திரவம் காற்றோடு கலந்துகொண்டிருக்கும். சனியும் ஞாயிறும் அசையாது நிற்கும்போது, கசிந்து மிதக்கும் இயந்திர எண்ணெய் மேலே மூடிபோற் படர, உள்ளே ஒட்சிசன் அற்றுப்போகும். ஒட்சிசன் இல்லாவிடத்து வாழும் கிருமிகள் அப்பொழுது சல்பேற்றைச் சிதைத்து ஐதரசன் சல்பைட்டு வாயுவை விடுகின்றன. நாற்றம் அதனுடையது. மிதக்கும் எண்ணெயை வாரி அகற்றுவதும், ஓய்வு நாட்களிலும் திரவத்தை இடையிடையே சுழலவிடுவதும், தொட்டியில் எச்சிலும் குப்பையும் விழாது காப்பதும் இதற்கு மருந்து. கிருமிநாசினியை அளவின்றி ஊற்றுவது மருந்தன்று. அது தோலுக்கும் நுரையீரலுக்கும் புதுத் தீங்கு.

இரண்டாவது வினாவுக்கு விடை, பரப்பியின் குணத்திலேயே உள்ளது. உலோகம் எது, மனிதத் தோல் எது என்று பரப்பி அறியாது. தோலின்மேல் இயல்பாயுள்ள கொழுப்பையும் அது கழுவிக்கொண்டு போய்விடும். தோலின் இயல்பு சற்றே அமிலத்தன்மை; கூலன்டோ துருவைத் தடுக்கும் பொருட்டுக் காரத்தன்மையாக, பிஎச் 9 அளவில் வைக்கப்படுவது. இதற்கிடையே கூரிய உலோகச் சீவல்கள் தோலைக் கீறும். நீர் வற்ற வற்றச் செறிவு கூடித் தீங்கும் கூடும். முறிவுமானியிலே ஒரு துளி வைத்து நாடோறும் செறிவைப் பார்ப்பது இயந்திரத்துக்காக மட்டுமன்று; அத்திரவத்திற் கை வைப்போர்க்காகவுமாம்.

அதற்காக, பழைய எண்ணெயே நன்றென்று திரும்பிப் போவதற்கும் இடமில்லை. இலங்காசயர்ப் பருத்தி ஆலைகளில் நூற்புப் பொறிகளின் கனிய எண்ணெய் ஆடையிற் தெறித்து ஊறியதனால், தொழிலாளர்க்கு மறைவிடத்துத் தோலிற் புற்றுநோய் உண்டானமை 1922இல் மருத்துவரால் எடுத்துக்காட்டப்பட்டது. நீர்க்கலவையிலும் நஞ்சு கலந்ததுண்டு. துருவைத் தடுக்கச் சோடியம் நைத்திரைற்றையும், பரப்பிக்குத் துணையாக எதனோலமீன்களையும் ஒரே தொட்டியிற் சேர்த்தனர். இரண்டும் கூடி, விலங்குகளிற் புற்றுநோய் விளைப்பதெனக் கண்ட நைத்திரசமீன் ஆகின்றது என்பதை 1977இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. ஐக்கிய அமெரிக்கா 1984இல் இச்சேர்க்கைக்கு எதிராக விதி செய்தது. தெறிக்கும் திரவம் நுண்டுளியாய்க் காற்றிற் கலந்து நுரையீரலுட் செல்வது மற்றோர் இடர். 2003, 2004ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமிலிருந்த மோட்டார் இயந்திரத் தொழிற்சாலை ஒன்றிற் பலர் மூச்சுத்தடை நோய்களுக்கு ஆளாயினர். பேணப்படாத கூலன்டின் கிருமிகள் கலந்த புகாரே அதற்குக் காரணமாகக் கருதப்பட்டது. காற்றில் இப்புகார் கனமீற்றருக்கு 0.4 மில்லிகிராமை மேற்படலாகாது என அமெரிக்கத் தொழிற் பாதுகாப்பு ஆய்வகம் 1998இல் பரிந்துரைத்துள்ளது.

ஆகவே அவருக்கு யாம் எழுதிய மறுமொழி இது. முதலில் மருத்துவரிடங் காட்டுக. காட்டும்போது திரவத்தின் பெயரும் அதன் பாதுகாப்புத் தாளும் கையில் இருக்கட்டும். அத்தாளைக் கேட்டுப் பெறுவது தொழிலாளியின் உரிமை. கைகழுவுவதற்குத் தொட்டித் திரவத்தையும், துடைப்பதற்குச் சீவல் படிந்த துணியையும் பயன்படுத்தற்க. வேலை முடிந்தபின் மென்மையான சவர்க்காரத்தாற் கழுவித் துடைத்துக் களிம்பு பூசுக. சுழலும் பொறியின் முன்னே கையுறை இழுபட்டுக் கையும் போகும். ஆதலாற் கையுறையை இயந்திரம் நின்றபின் தொட்டி துலக்கும்போதே அணிக. முறிவுமானி பட்டறையில் இல்லையென்று எழுதியிருந்தார். விலை பெரிதன்று; மேற்பார்வையாளரிடங் கேட்கும்படியும், அவர் மறுத்தால் உடன் வேலைசெய்வோர் எல்லோருமாய்ச் சேர்ந்து கேட்கும்படியும் எழுதினோம். முறிவுமானி வந்துவிட்டதென்றும், திங்கட்கிழமை நாற்றம் குறைந்துவிட்டதென்றும், கைகள் ஆற இன்னும் சில கிழமை செல்லுமென மருத்துவர் சொன்னாரென்றும் மறு கடிதம் வந்திருக்கின்றது.